மத்தியானக் கஞ்சி

ஆம்புரோஸ் முதலில் மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர். பிறகு பதினாறு வருடம் ஈப்போவில் புகார் விசாரணை அதிகாரி. ஆஸ்பத்திரிக்காரர்கள் யாரும் அவருக்கு மேலதிகாரி இல்லை. அவர் இலாகாவே வேறு. அரசாங்க ஆஸ்பத்திரியைப் பற்றி யார் எழுதிப்போட்டாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய்விடுவார். எத்தனையோ பேரை விசாரித்தவர், செல்லாயியின் பெயரை மட்டும் கடைசிவரை குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

1978இல் செல்லாயியின் கணவர் சின்னையாவுக்குக் குடல்வால் அறுவை. மயக்கம் கொடுத்ததும் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கி உயிர் போயிற்று. சின்னையாவின் தம்பி ஜெயபாலன் புகார் எழுதினான். அறுவைக்கு முன் பட்டினி கிடக்கவேண்டியவருக்கு மனைவியே மத்தியானம் கஞ்சி ஊட்டினாள் என்று ஆஸ்பத்திரி பதில் போட்டது. கேட்டவர்களிடம் அவளும் ஆமென்றே சொன்னாள். புருஷனைக் கொன்றவள் என்று தோட்டம் பேசியது.

ஆம்புரோஸ் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் போனபோது செல்லாயியின் பக்கத்து வீட்டு ராக்காயி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"செல்லாயி கஞ்சி குடுத்திச்சாக்கும்! அன்னிக்கு மத்தியானம் எங்கூட ஸ்டோர்ல ரப்பர் பால் ஊத்திக்கிட்டு இல்ல நின்னுச்சு?"

"ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

"எங்கிட்ட யாரு கேட்டா? அதுவும் சொல்லாதக்கான்னு கையப் புடிச்சு அழுதிச்சு. இப்ப என் வாய் நிக்கல லா."

ஆம்புரோஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். செல்லாயி ஆஸ்பத்திரியிலேயே இல்லையென்றால், சின்னையா வயிற்றில் இருந்தது வார்டில் கொடுத்த சாப்பாடு. பட்டினி என்று கட்டிலில் அட்டை மாட்ட மறந்திருக்க வேண்டும்.

செல்லாயி தன் வீட்டுக் கதவருகே நின்று மெதுவாகச் சொன்னாள்.

"கொழுந்தன் லோரியில ஏத்திக்கிட்டுப் போயி சேத்துட்டு, ஜெலாப்பாங் பெக்டரிக்கு வேலைக்குப் போயிட்டாரு. நான் ஒரு நாள் வேலைக்கு வராம நின்னா எம் பால்மரத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு கங்காணி சொன்னாரு. வேலய முடிச்சிட்டு சாயந்திரம் போலாம்னு இருந்தேங்கய்யா. அதுக்குள்ள போயிட்டாரு."

"அப்புறம் ஏன் கஞ்சி குடுத்தேன்னு சொன்ன?"

"ஆஸ்பத்திரியிலயே பொணத்துக்கு முன்னால மாமியா கேட்டிச்சு, கடைசியா ஒரு வாய் கஞ்சியாச்சும் ஊத்துனியாடின்னு. இல்லேன்னு எந்த வாயால சொல்றது? சொன்னதுக்கப்புறம் அதுதான் அவரக் கொன்னிச்சுன்னாங்க. நடக்காதது எப்படிக் கொல்லும்னு எனக்கே வெளங்கல. ஆனா போகாம இருந்தது பாவந்தானே?"

"நீ சொன்னாத்தாம்மா நான் எழுத முடியும். எழுதுனா எல்லாருக்கும் தெரிஞ்சு போகும். வேணாம்னா நான் கெளம்புறேன்."

அவள் யோசித்தாள். "சொன்னா, இன்னொருத்தருக்கு இப்படி ஆவாதுல்ல?"

"அப்படி ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

செல்லாயி படியிறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பொதுக்குழாயடிக்குப் போனாள். ஆம்புரோஸ் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். தண்ணீர் பிடிக்கிற நேரம். மாமியாரும் ஜெயபாலனும் உட்பட லயமே அங்கே நின்றது.

"நான் கஞ்சி குடுக்கல. ஆஸ்பத்திரிக்கே போகல. பால்மரம் வெட்டத்தான் போனேன். அவரு தனியாத்தான் செத்தாரு."

மாமியாரின் கையிலிருந்து வாளி நழுவியது. "அடிப் பாவி, எம் மவன் யாருமில்லாமலா போனான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். செல்லாயி அழவில்லை, நின்ற இடத்தைவிட்டு அசையவுமில்லை.

டாக்டர்கள் முன்னால்கூட உட்கார்ந்தே வாக்குமூலம் எழுதுகிறவர் ஆம்புரோஸ். யாரோ அவருக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். உட்கார மனம் வரவில்லை. மோட்டார் சைக்கிள் சீட்டில் தாளை விரித்து, நின்றுகொண்டே அவள் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக எழுதினார்.