பக்கவாட்டில் பிடித்த ஜாய்ஸ்டிக்

என் மருமகள் முடி வெட்டும் கடையில் வேலை பார்க்கிறாள். இடது கைக்காரி. கடையில் இருக்கிற கத்தரிகளெல்லாம் வலது கைக்கென்று செய்தவை. அதையே இடது கையில் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி வெட்டப் பழகிவிட்டாள். கடை முதலாளியம்மா ஒருமுறை பிரியப்பட்டு, இடது கைக்கென்றே செய்த கத்தரி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு வந்த ஒரு பெரியவருக்குக் கிருதா ஒரு பக்கம் காதுக்கு மேலே, ஒரு பக்கம் காதுக்குக் கீழே. அதோடு அந்தக் கத்தரி டிராயருக்குள் போனது. இந்தச் சங்கதியை என் மகன் காதில் போட்டுக்கொண்டிருந்தால் பின்னால் அவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம்.

என் மகன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் பட்டனும் ஒயரும்தான். வீட்டுக்கு வந்தால் அதிலிருந்து விடுதலை என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. பழைய வீடியோ கேம் பெட்டிகளோடு அந்தக் காலத்தில் வந்த வினோதமான கன்ட்ரோலர்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பான். முன்னறை அலமாரியில் துணிமணிக்கு இடம் கிடையாது. ஒரு தட்டில் துப்பாக்கி, ஒரு தட்டில் கையுறை, அதற்குக் கீழே காலால் மிதிக்கிற பாய், மூலையில் தூண்டில்.

ஒவ்வொன்றைப் பற்றியும் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு உண்டு.

"இந்தக் கையுறை அந்தக் காலத்துல அதிசயம்மா" என்பான் மகன்.

"அதிசயந்தான். இன்னைக்குக் கைய ஆட்டினா நாளைக்கு நகருது" என்பாள் மருமகள்.

துப்பாக்கி பழைய டப்பா டிவியில்தான் வேலை செய்யுமாம், தட்டை டிவியில் சுட்டால் சுட்டதாகவே எடுத்துக்கொள்ளாதாம். அதற்காகவே யானைக்குட்டி மாதிரி ஒரு டிவி எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாயில் குதித்தால் கீழ்வீட்டுக்காரர் விட்டத்தைத் தட்டுவார். தூண்டிலில் மீன் மாட்டினால் கை அதிரும், ஆனால் குழம்புக்கு ஆகாது. என்னைக் கேட்டால், வட்டமாகச் சுற்றுகிற குமிழ் ஒன்று இருக்கிறதே, அதுதான் நல்லது. சுற்றினால் போகிறது, விட்டால் நிற்கிறது. மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை.

மருமகளின் தீர்ப்பு ஒரே வரிதான். "ஒரு குச்சி, ஒரு பட்டன். மத்ததெல்லாம் வேஷம்."

அவள் சொல்கிற குச்சி அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. லாரி ஓட்டினவர் அவர். ஏதோ ஓர் ஊரில் பழைய சாமான் கடையில் ஒரு கேம் பெட்டியும் ஜாய்ஸ்டிக்கும் வாங்கி வந்தார். சதுரமாக ஒரு கட்டை, நடுவே குச்சி, இடது மூலையில் சிவப்புப் பட்டன். இடது கையால் கட்டையைப் பிடித்துப் பட்டனை அமுக்க வேண்டும், வலது கையால் குச்சியை ஆட்ட வேண்டும். சின்னப் பெண்ணான இவளுக்கு அது ஒத்துவரவில்லை. என்ன செய்தாள்? கட்டையை அப்படியே பக்கவாட்டில் திருப்பிவிட்டாள். பட்டன் வலது மூலைக்கு வந்தது, குச்சி இடது கைக்குக் கிடைத்தது. ஆனால் திசையும் சேர்ந்து திரும்பிவிட்டதே! திரையில் மேலே போக வேண்டுமென்றால் குச்சியை வலப்பக்கம் தள்ள வேண்டும். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் மடியைப் பார்த்து இழுக்க வேண்டும். கேட்கிற நமக்கே தலை சுற்றுகிறது. அவள் அதிலேயே ஊறிப்போனாள்.

அவளுடைய அண்ணன் அன்றைக்கு வைத்த பேர் 'கோணக்கை'. "முதல் கோணல் முற்றும் கோணல்" என்று கேலி செய்வானாம். அப்பா மட்டும், "விடுடா, அவ கை அவளுக்குத் தெரியும்" என்பாராம். குச்சியில் விரிசல் விட்டபோது அவரே கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்திருக்கிறார்.

அவர் காலமான பிறகு அண்ணனிடமிருந்து போன் வந்தது. "அப்பா ஞாபகமா எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. அந்தப் பெட்டிய எனக்குக் குடுத்துடு."

"அப்பா எங்கையிலதான குடுத்தாரு? நான் தர மாட்டேன்."

அதோடு பேச்சு நின்றது. இவள் கடைக்குப் போவதும் வருவதுமாக, முகம் மட்டும் வாடிக் கிடந்தது. பெட்டியையும் விட மனசில்லை, அண்ணனையும் விட மனசில்லை. கடைசியில் அவனே போன் செய்தான். "ஆடியே தீத்துக்குவோம், கோணக்கை. மூணு ஆட்டம். ரெண்டு ஜெயிச்சவங்களுக்குப் பெட்டி."

"வா, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

என் மகனுக்குப் பெண்டாட்டி தோற்றுவிடுவாளோ என்று பயம். இடது கைக்காரிக்கென்றே முறையாக ஒரு ஜாய்ஸ்டிக் செய்துவிட முடிவெடுத்தான். அவளுக்குத் தெரியாமல்தான். மரத்தில் புதுக் கட்டை, வலது மூலையில் பட்டன், மேலே தள்ளினால் மேலே, வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம். மேல்பக்கம் எது என்று தெரிய லிஃப்டில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஒன்றை வேறு ஒட்டினான். உள்ளே வைக்கிற பழைய தகடு கடையில் கிடைக்காது என்று மாமனார் வாங்கின குச்சியையே பிரித்து, அதன் உள்ளுறுப்பை எடுத்து இதில் வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். அலமாரியைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, பொருட்காட்சியா வச்சிருக்கீங்க?" என்றான். அங்கே இருந்த இன்னொரு சாதாரண ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் சம்மணம் போட்டான். மகன் புதுக் கட்டையை மனைவியின் மடியில் வைத்தான்.

"இது என்னங்க?"

"உன் கைக்குன்னே செஞ்சது."

"அப்பா குச்சி எங்க?"

"அதோட உயிரு இதுக்குள்ளதான் இருக்கு" என்று சிரித்தான். கூடு மட்டும் டேப்போடு அலமாரியில் கிடந்தது.

அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஆசை ஆசையாகச் செய்தவனை என்ன சொல்வாள்? அம்பை மேல்பக்கமாக வைத்துப் பிடித்தாள்.

ஆட்டம் இரண்டு பீரங்கி வண்டிகள், நடுவில் சுவர்கள். மேலே போக வேண்டிய நேரத்தில் இவள் கை பழக்கத்தில் வலப்பக்கம் தள்ளியது. வண்டியும் சொன்னபடி வலப்பக்கம் போய்ச் சுவரில் முட்டியது. மடியைப் பார்த்து இழுத்தாள், வண்டி கீழே இறங்கி அண்ணனுக்கு முதுகைக் காட்டியது.

"அத்தை, என்ன சாப்பாடு போடுறீங்க இவளுக்கு? செவுத்தையே முட்டுறா!" என்று அண்ணன் என்னிடம் சிரித்தான். முதல் ஆட்டம் அவனுக்குப் போனது.

"மேல தள்ளினா மேல போகும்மா. அம்பு போட்டிருக்கேன் பாரு" என்று மகன் பதறினான்.

"எனக்குத் தெரியுதுங்க. கைக்குத் தெரியலையே."

எனக்கு அந்தப் பெரியவருடைய கிருதா ஞாபகம் வந்தது. "டேய், டிராயர்ல ஒரு கத்தரி தூங்குதே, அது எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். மகன் விழித்தான். அவளுக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது செய்ததையே மறுபடியும் செய்தாள். கட்டையைப் பக்கவாட்டில் திருப்பினாள். சிவப்பு அம்பு சமையலறையைப் பார்த்தது.

"அய்யோ, பட்டன் கீழ போயிடும்!" என்றான் மகன்.

போனது. வலது மூலையிலேயே, ஆனால் வயிற்றோடு ஒட்டினாற்போல் கீழே வந்துவிட்டது. அவளோ கத்தரிக்கு மடக்குகிற மாதிரியே வலது கைக் கட்டைவிரலையும் உள்ளே மடக்கி, அதன் மேல் வைத்தாள்.

இரண்டாவது ஆட்டத்தில் வண்டி சுவரோரமாக நழுவி நழுவிப் போனது. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அது இவளுக்கு. மூன்றாவதில் இரண்டு பேரும் சமமாக வந்து, ஒரே சுவரின் இரண்டு பக்கமும் பதுங்கினார்கள். என் மகன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் பொறுமை இழந்து வண்டியைச் சுவருக்கு வெளியே நீட்டினான். இவள் குச்சியைச் சடாரென்று மடியைப் பார்த்து இழுத்து, கட்டைவிரலை அமுக்கினாள். அவன் வண்டி சிதறியது.

அண்ணன் அவள் மடியிலிருந்த கட்டையை வாங்கி, திருப்பியபடியே பிடித்து ஆட்டிப் பார்த்தான். வண்டி மூலையில் மாட்டிக்கொண்டு நடுங்கியது.

"எப்படிடி இதுல ஆடுற? அப்பா சொன்னது சரிதான். பெட்டி உனக்குத்தான். அந்தக் கூட்டை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?"

"உள்ள ஒண்ணுமே இல்லண்ணா."

"மேல அப்பா சுத்தின டேப்பு இருக்குல்ல."

அவளே எழுந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கையை அவன் விடவில்லை.

"தகடு தேடிப் பிடிச்சு உள்ள போட்டுத் தரேன் மச்சான். ஆட வந்தா கொண்டு வாங்க" என்றான் என் மகன், செய்த தப்புக்குப் பரிகாரமாக.

"நேரா வைங்க, மாப்பிள்ளை. கோணல் எல்லாருக்கும் வராது."

இப்போது அடிக்கடி வருகிறான். வந்தால் ஆட்டம்தான். என் மகனுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. ஆட்டம் தொடங்குமுன் கட்டையை எடுத்து, அம்பு மேலே பார்க்கிற மாதிரி ஒழுங்காக அவள் மடியில் வைப்பான். அவளும் வாங்கிக்கொள்வாள். அவன் அந்தப் பக்கம் திரும்பினதும், அம்பு மறுபடியும் சமையலறையைப் பார்க்கும்.