பதினேழாம் எண் பெண்ணுக்கு எத்தனை மதிப்பெண்

ஐஸைக் கண்டால் என் தோள்கள் தாமாகவே குறுகிக்கொள்கின்றன. அது திரையில் தெரியும் ஐஸாக இருந்தாலும் அப்படித்தான். ஆவணி மாதம், உத்திரமேரூரில் அக்கா வீட்டுக் கூடம். காலை ஆறரை மணிக்கே கழுத்தில் வியர்வை வழிந்தது. நானோ மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போர்த்தியிருந்தேன். காப்பி கொண்டுவந்த அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாடி, ஜொரமா?"

"இல்லக்கா. மேட்ச் பாத்துக்கினு கீறேன். அங்க ஒரே பனி."

"பனி அங்கதான கீது? நீ இங்கதான கீற?"

துண்டை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டேன். என்னைப் போல ஊரைவிட்டுப் போய் வருடக்கணக்கில் ஆனவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் கொஞ்சம் திணறுவார்கள்.

கனடாவில், ரெஜைனா நகரத்து ஐஸ் ஹாக்கி அரங்கம் ஒன்றில் எனக்கு வேலை. முதலில் டிக்கெட் கிழித்தேன். பிறகு ஆட்டங்களுக்கு நேரம் குறித்தேன். இப்போது ஜூனியர் பெண்கள் அணியின் ஆட்டங்களைப் பார்த்து, ஒவ்வொருத்தியும் எப்படி ஆடினாள் என்று மதிப்பெண் போடும் மூன்று பேரில் ஒருத்தி. ஆரம்பத்தில் அந்த மொழியே பிடிபடவில்லை. எங்கள் தலைமை மதிப்பீட்டாளர் கேரன், ஒரு பெண்ணைக் காட்டி, "அவளுக்கு என்ன அருமையான கைகள், பார்த்தாயா!" என்றாள். முழங்கை வரை தடித்த உறை போட்டிருந்த பெண்ணைப் பார்த்து, "கையே தெரியவில்லையே, எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துக் கேரன் வாய்விட்டுச் சிரித்தாள். மட்டையைக் கையாளும் லாகவத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

ஊருக்கு வந்திருந்த நேரத்தில், ஸ்வீடனிலிருந்து வந்த ஜூனியர் அணியோடு எங்கள் பெண்களுக்கு ஒரு நட்பு ஆட்டம். அங்கே மாலை ஏழு மணி என்றால் இங்கே காலை ஆறரை. நட்பு ஆட்டம் என்று பெயர்தானே தவிர, பெண்களுக்கு அது தேர்வு. எங்கள் மூவரின் தாள்களையும் சேர்த்துப் பார்த்து இரண்டு பேரை நீக்கிவிட்டு, மற்றவர்களை ஸ்வீடனுக்கு அழைத்துப் போவார்கள். ஒருத்திக்கு ஐந்துக்கு எத்தனை, பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு. அவ்வளவுதான் என் வேலை. பதினாறு வயதுப் பெண்ணின் ஒரு வருடம் அந்த ஒரு வரியில் தொங்கும்.

ஒன்பதாம் எண் பெண் இரண்டு கோல் போட்டாள். யோசிக்காமல் ஐந்து போட்டேன். பதினேழாம் எண் பெண் கோல் போடவில்லை, கோலுக்குப் பந்து தள்ளியும் கொடுக்கவில்லை. பந்து என்றால் பந்தில்லை, பக் என்கிற கறுப்பு ரப்பர் வில்லை. அவளுக்கு இரண்டு போட்டு, "பங்களிப்பு குறைவு" என்று எழுதினேன்.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பெயர் மல்லிகா. நெல் அறுக்கும் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்துக்கு அனுப்புகிறாள். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்புச் சமயம், போன் ஓயவே இல்லை. "மாகறலுக்கு மிஷின் மத்தியானம் வரும்ணா, ஈரம் காயட்டும்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தாள். போனை வைத்ததும், "அந்தக் கறுப்பு வில்ல எங்கடி கீது? என் கண்ணுக்கே தெர்ல" என்றாள்.

"பழகினாத்தான் தெரியும்."

"சரி, நான் ஆளுங்கள பாக்கறேன்."

பத்து நிமிஷம் அவர்களையே பார்த்தாள். பிறகு திரையைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பதினேழு யாரு? இவ எங்க போறாளோ, எதிராளு ரெண்டு பேரு இவ பின்னாலயே ஓடுதுங்க. அந்த ஒம்போதுக்கு வழி வுட்டுக் குடுக்கறதே இவதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐஸ் ஹாக்கியை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறாள். இருந்தாலும் வீடியோவைப் பின்னால் ஓட்டினேன். முதல் கோல்: பதினேழு, ஐஸைச் சுற்றியுள்ள பலகை ஓரத்து மூலைக்குப் பாய்கிறாள், ஸ்வீடன் பெண்கள் இருவர் அவளைத் துரத்திப் போகிறார்கள், வலைக்கு முன்னால் ஒன்பது தனியாக நிற்கிறாள். இரண்டாவது கோல்: பதினேழு, கோல் காக்கும் பெண்ணுக்கு நேர் எதிரே நின்று கண்ணை மறைக்கிறாள். இடிபடுகிறாள், நகரவில்லை. கடைசிக் கட்டத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி தனியாகத் தப்பி ஓடியபோது, பின்னாலிருந்து துரத்திப்போய் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டதும் இவள்தான். இதில் எதுவுமே கணக்கில் ஏறாது. இதையெல்லாம் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். நான் பக்கின் பின்னாலேயே போயிருக்கிறேன்.

அக்காவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று யோசித்தபோது வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடக் கபடி அணியில் நான் பாடிப் போகிறவள். அவள் இடது மூலையில் நிற்பாள். எதிரணிப் பெண் பாடிக்கொண்டு வரும்போது காலை ஒரு ஜாண் முன்னால் நீட்டி ஆசை காட்டுவாள். தொடலாமென்று அந்தப் பெண் உள்ளே வந்ததும் பக்கத்தில் நிற்பவள் இடுப்பைப் பிடித்துவிடுவாள். பிடித்தவள் பெயர் நோட்டில் ஏறும். காஞ்சிபுரத்தில் மாவட்டத் தேர்வு நடந்தபோது நோட்டைப் பார்த்துப் பெயர் வாசித்தார்கள். என் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. அந்தச் சான்றிதழில் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே படித்த ஆங்கிலம் என்னை எங்கெங்கோ கொண்டுபோயிற்று. அவளுக்கு மறுவருடம் கல்யாணம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"அக்கா, அன்னிக்கி செலக்சன்ல உன் பேரு வர்லயே. உனக்குக் கோவம் வர்லயா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வராம? ரெண்டு நாளு உன் துணிய தோய்க்கவே இல்ல. நீ அத்தக் கூட கண்டுக்கல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். "அத்த வுடு," என்றாள். "இப்ப இந்தப் பொண்ணுக்கு இன்னா எழுதப் போற? அத்தச் சொல்லு."

இரண்டை அழித்து நான்கு போட்டேன். ஒரு வரிக்குப் பதிலாக ஆறு வரி எழுதினேன், எந்தெந்த நிமிஷத்தில் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் கேரன் அழைத்துவிட்டாள்.

"மற்ற இரண்டு தாளிலும் அவள் வெளியே. நீ மட்டும் நான்கு போட்டிருக்கிறாய். வேறு யாராவது சொன்னார்களா?"

மறைக்க விருப்பமில்லை. "என் அக்கா சொன்னாள். பிறகு நானே திரும்பப் பார்த்தேன்."

"உன் அக்கா பயிற்சியாளரா?"

"இல்லை. நெல் அறுக்கும் கம்பைன் ஓட்டுகிறாள்." ஆங்கிலத்தில் அவசரமாகச் சொன்னதில் அக்காவையே டிரைவராக்கிவிட்டேன்.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். பிறகு கேரன் கேட்டாள்: "ஒரு தடவைக்கு எத்தனை அடி அகலம் வெட்டும்?"

கேரனின் அண்ணன் கோதுமை விவசாயி, அங்கேயும் அது அறுப்புக் காலம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் மொழிபெயர்க்க, அக்காவும் கேரனும் ஐந்து நிமிஷம் மிஷின் பேசினார்கள். அங்கே ஒரே வயல் ஆயிரம் ஏக்கருக்கு மேல் என்று கேட்டதும் அக்கா, "அவ்ளோ நெலத்துல வரப்பு தகராறு வந்தா இன்னாடி பண்ணுவாங்க?" என்றாள். அதை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

போனை வைக்கும்முன் கேரன் தன் வழக்கமான குரலுக்குத் திரும்பினாள். "நீ சொன்ன நிமிஷங்களை மூவரும் சேர்ந்து பார்ப்போம். வாக்குறுதி எதுவும் தரமாட்டேன்."

இரண்டு நாள் கழித்துக் கேரனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பதினேழாம் எண் பெண்ணை நீக்கவில்லை. இன்னொரு ஆட்டம் ஆட வைத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். கீழே ஒரு வரி: "ஐந்தாம் எண் பற்றி உன் அக்கா என்ன நினைக்கிறாள்?" படித்துக் காட்டினேன். "பேஜாரா கீதே! எனக்கு மிஷினுக்கு டீசல் போடவே நேரமில்ல" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த ஆட்டத்தின்போது நான் ரெஜைனாவுக்குத் திரும்பியிருந்தேன். அரங்கத்து மேல்படியில், கம்பளிக் கோட்டு போட்டு உட்கார்ந்து, மடிக்கணினியில் மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்தேன். அதன் முதல் கட்டம், மதிப்பீட்டாளர் இருக்குமிடம். போன தடவை அடித்ததை அது நினைவில் வைத்திருந்து தானாகவே நிரப்பியிருந்தது: உத்திரமேரூர். படிவத்தில் பொய் இருக்கக்கூடாது என்று அதை அழித்துவிட்டு, ரெஜைனா என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் அதுவும் முழு உண்மையாகத் தெரியவில்லை. ஒரு கமா போட்டு உத்திரமேரூரையும் சேர்த்தேன். கட்டம் சின்னது, கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று. கீழே பெண்கள் ஐஸில் இறங்கினார்கள். நான் அந்தப் பதினேழைத் தேடத் தொடங்கினேன்.