அந்தக் காலையில் நான் நடக்கவில்லை

குன்றக்குடிக்குச் சாலை பிரியும் விலக்கில் பேருந்துக்காக நின்றிருந்தபோது சேது அண்ணன் போனில் அழைத்தார். "பிலோமினாக்கா போயிட்டாகம்மா," என்றார். பிறகு, "என்னாலதான் அவுக வேலைய விட்டாக. நான் விழாம இருந்திருந்தா இன்னும் மேப்பு ஒட்டிக்கிட்டு இருந்திருப்பாக," என்றார். பேருந்து வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பிலோமினா அக்கா நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு, பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் வரைபடங்களை எங்கள் பக்கத்தில் முதன்முதலாகச் செய்தவர். தடித்த அட்டையில் சாலைக்குச் சணல் நூல், பேருந்து நிறுத்தத்துக்குச் சட்டைப் பொத்தான், பள்ளத்துக்கும் சாக்கடைக்கும் உப்புத்தாள். ஒட்டி முடித்ததும் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தானே தடவிப் பார்ப்பார். நாலு வருடம் அவருடன் வேலை செய்தேன். என் வேலை நடப்பது, அடிகளை எண்ணுவது.

சேது அண்ணன் பார்வையற்றவர், ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இயக்குபவர். புது வரைபடம் வாங்க வரும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார். "ஒங்க ரோட்டுல நேத்து ஒரு நாய் படுத்திருந்துச்சுக்கா. அதையும் ஒட்டிருக்கலாம்ல?"

"எந்திரிக்காம அங்கயே கெடக்கச் சொல்லுங்க, ஒட்டிர்றேன்," என்பார் அக்கா.

ஆனால் அவரிடம் ஒரு விதி இருந்தது. வரைபடத்தைக் கொடுக்கும் நாள் காலையில் அந்த வழியை யாராவது ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும். "நேத்து நடந்தது நேத்தைக்குத்தான். கண்ணு உள்ளவுகளுக்கு மேப்பு தப்புனா வழிதான் தப்பும். இவுகளுக்கு..." என்பார். அதற்கு மேல் ஒருபோதும் சொன்னதில்லை.

சேது அண்ணனின் அலுவலகம் கல்லூரிச் சாலைக்கு மாறியது. புது வழிக்கு வரைபடம் தயாரானது. கொடுக்க வேண்டிய நாளன்று அக்காவுக்கு முழங்கால் வலி. "நீ அங்குட்டு ஒரு நடை போயிட்டு வந்துரு," என்றார். மூன்று நாளுக்கு முன்புதான் நான் அதே வழியை நடந்திருந்தேன். பாதியில் நூலகம் இருந்தது. உள்ளே போய் ஒரு புத்தகத்துடன் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்து, நடந்தாயிற்று என்று தாளில் குறியிட்டேன்.

கல்லூரி மதில் ஓரத்தில் முந்தைய நாளே குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். மாலையில் சேது அண்ணன் அதில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் தனியாக வெளியே போனதில்லை.

மருத்துவமனை வராந்தாவில் அக்கா கேட்டார்: "காலையில நீ போனப்ப பள்ளம் இல்லதானம்மா?"

"இல்லக்கா."

"அப்ப நீ நடந்ததுக்கும் நான் குடுத்ததுக்கும் நடுவுல வெட்டிருக்காக. நான் திரும்ப ஆள் அனுப்பிருக்கணும். என் தப்புதான்."

அதற்குப் பிறகு அவர் ஒரு வரைபடமும் செய்யவில்லை. வாங்கி வைத்திருந்த அட்டைகளைக் கரையான் தின்றது. பார்வை மங்கியதால் நிறுத்திவிட்டார் என்று இதை வாசிக்கும் உங்களில் சிலர் இரங்கல் கூட்டத்தில் பேசினீர்கள். அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன்: என் பொய்யை நம்பித்தான் நிறுத்தினார். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டுக்குப் போனேன், கேக்கைத் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

சேது அண்ணா, யாராவது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். நீங்கள் விழுந்ததால் அவர் நிறுத்தவில்லை. நீங்கள் விழுந்ததும் என்னால்தான்.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பியதும் அக்காவின் தம்பி, விபத்துக்குப் பிறகு அவர் திரும்ப வாங்கி வைத்திருந்த கல்லூரிச் சாலை வரைபடத்தை என்னிடம் கொடுத்தார். "அக்கா ஒங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கும். 'அந்தப் பிள்ளை நடந்தேன்னு சொன்னா நடந்ததுதான்'னு சொல்லும்," என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அட்டை மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கிறேன். பொத்தான், நூல், கல்லூரி மதில். அந்த இடத்தில் உப்புத்தாள் இல்லை. என் விரல் எங்கும் தடுக்காமல் கடந்து போய்விடுகிறது.