லோர்னா வீட்டுக் கூரை யாருடையது?

ஃப்ரெஸ்னோவில் சூரியன் தினமும் உதிப்பதே லோர்னா பெட்டிஸ் வீட்டுக் கூரையில் வேலைக்குச் சேரத்தான். அவளுடைய இருபத்திரண்டு சோலார் பலகைகளும் குடித்து மிஞ்சிய வெயிலில்தான் மற்ற கலிபோர்னியா காய்ந்துகொண்டிருந்தது. அவளே இவ்வளவு சொல்லமாட்டாள். இதில் பாதிதான் சொல்வாள்.

முப்பத்தொரு வருஷம் பள்ளி பஸ் ஓட்டியவள். ஏசி இல்லாத பஸ். ஓய்வுபெற்ற அன்றே முடிவெடுத்துவிட்டாள், இனி மூடுபனி இருக்கும் ஊர்தான் என்று. யுரேகாவில், கடலுக்குப் பக்கத்தில், ஒரு குட்டி வீட்டைப் பேசி வைத்திருந்தாள். இந்த வீடு வெள்ளிக்கிழமைக்குள் கைமாறினால்தான் அது கிடைக்கும். இதை வாங்க வந்தவர் ஆர்மென் தத்தேவோசியான். திராட்சைத் தோட்டத்தை மகன்களிடம் விட்டுவிட்டு ஊருக்குள் குடிவர நினைத்த எழுபது வயசுக்காரர்.

செவ்வாய்க்கிழமை வீட்டுத் தரகர் டெனிஸ் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள்.

"பலகை உன்னுதுன்னு சொன்னியேடி?"

"என் கூரை மேல இருக்கு. பின்னே யாருது?"

"கம்பெனியோடது. வாடகைக்கு மாட்டினது. இன்னும் ஒன்பது வருஷம் ஓடணும். டேல் கையெழுத்து போட்டிருக்கார், பாரு."

டேல் அவள் கணவர். இறந்துபோய் ஆறு வருஷமாகிறது. ஒருநாள் சாமான் கடை வாசலிலிருந்து அவர் இலவச ஐஸ்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, "சும்மா ஒரு கையெழுத்துதான் கேட்டாங்க" என்று இளித்தபடி வந்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாசாமாசம் கம்பெனிக்குப் போன பணத்தை, பலகை வாங்கிய கடனுக்குத் தவணை என்றே நினைத்திருந்தாள்.

"இப்போ என்ன பண்றது?"

"அந்த வாடகைய ஆர்மென் தன் பேருக்கு மாத்திக்கணும். இல்லேன்னா நீ மொத்தத்தையும் கட்டி முடிக்கணும்."

மொத்தத்தையும் கட்டினால் யுரேகாவில் அவளால் நாய்க்கூண்டுதான் வாங்க முடியும்.

புதன்கிழமை நடுப்பகலில் ஆர்மென் வந்தார். வெளியே நூற்றொன்பது டிகிரி. லோர்னா வீட்டில் எல்லா வேலையும் நடுப்பகலில்தான். வெயில் உச்சிக்கு வந்ததும் துணி துவைக்கும் இயந்திரம் உருளும், பாத்திரம் கழுவும் இயந்திரம் முனகும், அடுப்பில் பீச் பழம் வைத்த ‘பை’ என்ற இனிப்புப் பலகாரம் வேகும், ஏசி கடகடவென்று ஓடும். இருட்டிய பிறகு எதையாவது போட்டால் அவளுக்கு மனசு கேட்காது.

"ஏம்மா, மறைச்சு வச்சு விக்கப் பாத்தியா?" கதவைத் தாண்டுவதற்குள் கேட்டார்.

"எனக்கே நேத்துத்தான் தெரியும் ஐயா. முட்டாள்னு திட்டுங்க, ஏமாத்துக்காரின்னு மட்டும் சொல்லாதீங்க."

"என் கூரையில அடுத்தவன் சாமான் குந்திக்கிட்டிருக்கிறதா? எங்கப்பா இருந்தா கம்பால தட்டி இறக்கியிருப்பாரு. அஞ்சு நிமிஷம் உக்கார்றேன். அப்புறம் கிளம்புறேன்."

உட்கார்ந்தார். மூன்றாவது நிமிஷம் குறட்டை. லோர்னா எழுப்பவில்லை. மூச்சுவிடக்கூட பயந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தார்.

"எங்க வீட்டுல பகல்ல ஏசி போட்டா எம் பொண்டாட்டி மீட்டர் முன்னாடி நின்னு சாபம் விடுவா," என்றார் மெதுவாக. "இந்த வீட்டு ஜூலை மாச பில்லக் காட்டு."

காட்டினாள். அற்பத் தொகைதான். ஒப்பந்தத்தையும் கொடுத்தாள். வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

"பலகை கெட்டுப்போனா?"

"கம்பெனி ஆளு வருவான். ரெண்டு தடவ வந்தான்."

"தூசி தொடைக்கிறது?"

"மழை பாத்துக்கும்."

"ஃப்ரெஸ்னோலயா?"

இருவருமே சிரித்துவிட்டார்கள். ஆர்மென் பேனாவுக்குக் கை நீட்டினார். "அந்தப் பீச் பையில ஒரு துண்டு வெட்டும்மா. வாசனையிலயே பாதிக் கையெழுத்து போட்டுட்டேன்."

பேர் மாற்றத்துக்குக் கம்பெனியின் சம்மதம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. செய்தியை இரண்டு தரம் படித்துவிட்டு, வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள் லோர்னா. மதியமே அவளையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிவிட்டது. தெருவில் யாரும் அழவில்லை. கையசைத்ததோடு சரி, எல்லாரும் ஏசியைத் தேடி உள்ளே போய்விட்டார்கள்.

அடுத்த வீட்டிலிருந்து நான் இதுவரை எழுதி யுரேகாவுக்கு அனுப்பியதும் லோர்னாவிடமிருந்து பதில் வந்தது:

"எல்லாம் சரிதான். ஆனா வேன் கண்ணாடியில ஒண்ணு தெரிஞ்சுதே. குப்பைத்தொட்டிக்குப் பின்னாடி நின்னு சட்டையில மூக்கத் தொடைச்சது யாரு? எழுதுறவங்க உள்ளதத்தான் எழுதணும், கண்ணு."