விடுபடாத எழுத்து

பலாபத்வலையிலிருந்து வந்திருந்த என் சகலன், சாப்பிட்டு முடிக்கும் முன்பே தன் கைப்பேசியை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். மாத்தளையில் எங்கள் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். அதில் கிலோபைட் என்று இருந்ததை மெகாபைட் என்று மாற்றியிருந்தார்கள். கீழே, திருத்தியவர் என்ற இடத்தில் அவருடைய பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு முழுதாக இருந்தது. "ஒரு சொல்லுதான் அண்ணே. ஆனா எடுத்துக்கிட்டாங்க" என்றார். "நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டுப் பலாக்காய்க் கறியை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். எனக்குப் பலாக்காய் பிடிக்காது.

கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் இருபத்திரண்டு ஆண்டுகள் பிழை பார்த்தவன் நான். துணைக்கால் விடுபட்ட அமைச்சர்களையும், உயிரோடிருக்கும்போதே 'காலஞ்சென்ற' ஆகிவிட்ட அதிபர்களையும் அச்சுக்குப் போகும் முன் காப்பாற்றியிருக்கிறேன். என் பெயர் எங்கும் அச்சானதில்லை. பிழை போய்விட்ட நாள்களில் மட்டும் "யார் பார்த்தது?" என்று கேட்பார்கள். அது அந்த வேலையின் இயல்பு என்றே அந்த ஞாயிறு வரைக்கும் நினைத்திருந்தேன்.

சகலன் கணினி பழுது பார்ப்பவர். வில்கமுவப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வன்தட்டு செத்துப்போன பழைய கணினிகள் சும்மா கிடந்தன. தட்டே இல்லாமல், கோப்புகளையெல்லாம் நினைவகத்திலேயே வைத்து அவற்றை ஓட வைத்தார். அப்படிக் கோப்புகளை வைத்து எடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது, கோப்பு முறைமை என்பார்கள். வேகமானது, ஆனால் மின்சாரம் போனால் உள்ளே இருந்த எல்லாம் போய்விடும். அதைப் பற்றிய ஆவணம் இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. யாரும் பிழை கண்டு எழுதலாம். எங்கெங்கோ இருக்கும் சிலர் பார்த்து ஏற்பார்கள், அல்லது மறுப்பார்கள். அவர் வேலைக்காக அதைப் படித்தார். படித்த இடத்திலெல்லாம் சின்னச் சின்னப் பிழைகள் கண்ணில் பட்டன. ஓர் ஆண்டுக்குள் பதினொரு திருத்தங்கள் ஏற்கப்பட்டன, பதினொன்றிலும் பெயர்.

அதையும் பொறுத்திருப்பேன். என் மகள் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் அவள் எழுதும் ஒவ்வொரு பக்கமும் ஏழாம் வகுப்பிலிருந்து என் கையால் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு ஒரு விண்ணப்பக் கடிதம் என்னிடம் வரவில்லையே என்று கேட்டேன். "சித்தப்பாவுக்கு அனுப்பிட்டேன்பா. நீங்க திருத்துனா எல்லாம் நியூஸ் மாதிரி ஆயிடுது. ஏதோ நான் செத்துப்போய் எழுதுன மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். நான் பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே அந்த ஆவணத்தைத் தேடி எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். பொருள் பாதி புரியவில்லை. பிழை பார்ப்பவனுக்குப் பொருள் அவசியமில்லை என்பது எங்கள் தொழிலில் ஓர் ஆணவம். கடைசி வரியிலிருந்து மேலே போனேன், நாளிதழில் செய்தது போலவே. நான்காம் நாள் கண்டேன். கணினியோடு சேர்த்த கோப்பு முறைமையைப் பிரித்துவிடும் கட்டளை ஒன்று. ஆங்கிலத்தில் அந்தச் செயலுக்கு 'அன்மவுண்ட்' என்று பெயர். ஆவணத்தில் 'என்' என்ற எழுத்து இல்லாமல் 'யூமவுண்ட்' என்று அச்சாகியிருந்தது. ஓரிடத்தில் அல்ல, ஐந்து இடங்களில். சகலன் பதினொரு முறை தாண்டிப்போன பக்கம் அது. ஒரே பிழை ஐந்து இடத்தில் வந்தால் அது பிழைதானா என்று முதலில் கேள் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்றைக்கு என்னிடம் நான் கேட்கவில்லை. ஐந்து இடங்களையும் வரி எண்ணோடு குறித்து, என் முழுப்பெயரைப் போட்டு அனுப்பினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பெயர் வந்ததும் மேசையில் திருப்பி வைக்கலாம் என்றிருந்தேன்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. அந்தக் கட்டளையின் பெயரே அதுதான். எழுத்து எதுவும் விடுபடவில்லை. நான் சொன்னபடி மாற்றினால் கட்டளை வேலை செய்யாது. அந்தக் கடிதமும் பதிலும் யாரும் பார்க்கும் இடத்தில் இருக்கின்றன, அழிக்க முடியாது. நாளிதழ் என்றால் மறுநாள் கடலை சுற்றப் போயிருக்கும்.

சகலன் பார்க்காமல் இருப்பாரா? மறுநாள் காலையிலேயே அழைத்தார். "அண்ணே, அது ஆதிகாலத்துல எவனோ ஒருத்தன் சோம்பேறித்தனத்துல முழுங்குன எழுத்து. இப்ப அதுதான் பேருன்னு ஆயிப்போச்சு. நானும் மொதல்ல மாட்டுனவன்தான்."

"நீங்க எழுதி அனுப்பலையே தம்பி."

"அனுப்பல. அனுப்பியிருந்தா இத்தன நாள்ல அங்க ஒரு விளக்கம் வந்திருக்கும்ல?"

சொன்னதோடு நிற்கவில்லை. வாசகர் குழம்பியது நியாயம்தான், ஆவணத்தில் ஒரு விளக்கம் வேண்டும் என்று எழுதி, விளக்கத்தையும் தானே எழுதி அனுப்பினார். இந்தக் கட்டளையில் 'என்' எழுத்து கிடையாது, அது பிழையல்ல என்று இரண்டு வரி. ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். எழுதியவர் என்று அவர் பெயர். அதற்குக் கீழே, சுட்டிக்காட்டியவர் என்று என் பெயர். எழுத்துப் பிழையில்லாமல்.

மகள்தான் ஓடிவந்து காட்டினாள். "சித்தப்பா பதினோரு தடவ படிச்சும் இது தோணலயாம். அப்பாவோட கண்ணுக்குத்தான் பட்டுச்சுன்னு சொன்னாரு." அடுத்த விண்ணப்பக் கடிதத்தை அவள் என்னிடம் கொண்டுவந்தாள். நான் திருத்திக் கொடுத்தேன். அவருடைய இரக்கத்தில் எனக்குத் திரும்பி வந்த தாள் அது என்று ஒவ்வொரு காற்புள்ளியிலும் தோன்றிக்கொண்டிருந்தது. உண்மையில் நடந்ததை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த இரண்டு வரிகளை இப்போதும் அடிக்கடி திறந்து பார்க்கிறேன். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முதல் வரியின் கடைசிச் சொல் 'இஸ்'. இரண்டாவது வரியின் முதல் சொல்லும் 'இஸ்'. வரி உடையும் இடத்தில் ஒரே சொல் இரண்டு முறை விழுந்திருக்கிறது. சாதாரணக் கண் தாண்டிப் போய்விடும். இது பிழை. சந்தேகமே இல்லை, மூன்று அகராதிகளில் பார்த்துவிட்டேன். எழுதி அனுப்பினால் அன்றைக்கே ஏற்பார்கள், திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர் தனியாக வரும்.

எட்டு மாதமாக அனுப்பவில்லை. சகலன் அவ்வளவு கவனக்குறைவாக எழுதுகிறவர் அல்ல. அது தெரியாமல் விழுந்ததா, நான் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நான் கேட்பதில்லை.