சோதிக்காமல் விட்ட தராசு

சித்தூர் வெல்ல மண்டிக்குள் பிரகாசத்தின் வண்டி நுழைந்தால் சில வியாபாரிகளுக்கு உடனே டீ குடிக்கத் தோன்றும். தராசை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். பிரகாசம் அதிகாரி அல்ல. தராசு பழுதுபார்க்க உரிமம் வாங்கியவர், அவ்வளவுதான். ஆனால் கள்ள எடை கண்ணில் பட்டால் அவருக்குக் குரலை அடக்கத் தெரியாது. "கிலோவுக்கு நாப்பது கிராம் துன்றியே, செரிக்குதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவார். சொன்னபின் அந்தக் கடைக்கு, தராசு சரி என்று காட்டும் முத்திரைக் கம்பி கட்டித் தரமாட்டார். அதனால் அவர் இழந்த வாடிக்கைகள் நிறைய. அதைப் பற்றி அவர் வருந்தியதில்லை. ஐம்பத்தாறு வயதில் அவருக்கு இருந்த சொத்து பாதி கடன் அடைந்த ஒரு வீடு, இரண்டு பெட்டி சோதனைக் கற்கள், வெளிநாட்டில் படிக்கும் ஒரு மகள்.

இந்தக் கோபம் பிறந்த ஊர் பாலசமுத்திரம். அவருடைய அப்பா, நைனா, கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சி மண்டிக்குக் கொண்டுவருவார். வீட்டில் நிறுத்த மூட்டை மண்டியில் நிறுத்தால் ஒன்றரைக் கிலோ குறையும். "வழியில காத்துபட்டு காஞ்சிருக்கும்பா" என்பார் வியாபாரி. நைனா தலையாட்டிவிட்டு வருவார். பதினாறு வயதில் பிரகாசம் ஹரிபாபு என்பவரின் தராசுப் பட்டறையில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தது அந்தக் காற்று எங்கே அடிக்கிறது என்று பார்க்கத்தான். ஹரிபாபு எதையும் சொல்லிக் கொடுப்பவர் அல்ல. முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் கழற்றிப் பார்த்து, மாட்டத் தெரியாமல் திட்டு வாங்கி, மறுபடி கழற்றிப் பார்த்துத்தான் பிரகாசம் தொழிலைப் பிடித்தார். இரும்புத் தராசு போய் மின்னணுத் தராசு வந்தபோதும் அதே கதைதான். ஏமாற்று எங்கே இருக்கும் என்பது மட்டும் மாறவேயில்லை. கள்ளத் தராசு வெறும் தட்டில் சரியாக ஜீரோ காட்டும். பொருளை வைத்தால்தான் அதன் புத்தி தெரியும்.

ஹரிபாபு பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. சொந்தக்காரன் கடைத் தராசில் நாம் சோதனைக் கல் வைக்கக் கூடாது. வைத்தால் உறவு கெடும், வைக்காமல் சரி என்று சொன்னால் தொழில் கெடும். அதனால் அங்கே வேறு பட்டறை ஆளை அனுப்ப வேண்டும். முப்பது வருடமாகப் பிரகாசம் இதைத் தவறாமல் கடைப்பிடித்தார். ஏர்பேட்டில் மாமன் மகன் வைத்திருந்த மளிகைக் கடைக்குக்கூட அவர் போனதில்லை. ஆள் அனுப்பினார்.

மகள் கேசியா லாட்வியா நாட்டில் படிக்கப் போனபோது பணம் அனுப்பும் வேலையை அவர் அனிலிடம் கொடுத்தார். அனில் அவர்கள் திருச்சபைச் செயலாளரின் மகன். திருப்பதியில் வெளிநாட்டுப் பண மாற்றுக் கடை வைத்திருந்தான். "நம்ம சபைப் பொண்ணு. ஜீரோ சார்ஜ் அங்கிள்" என்றான். செமஸ்டருக்கு இரண்டாயிரத்து இருநூறு யூரோ. மூன்று முறை போயிற்று. ரசீதில் 'கட்டணம்' என்ற இடத்தில் மூன்று முறையும் பூஜ்யம் இருந்தது. பிரகாசம் அதைப் பார்த்து மடித்துப் பெட்டியில் வைத்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வரிசையில் உட்காருகிறவனிடம் என்ன கேட்பது?

நான்காவது செமஸ்டருக்குப் பணம் அனுப்ப வேண்டிய வாரம். சனிக்கிழமை காலையில் கேசியாவின் அழைப்பு வந்தது.

"நைனா, ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. எம்பேர்ல அறுபத்தாறு யூரோ பாக்கியாம்."

"எப்டி பாக்கி? ரெண்டாயிரத்து எறநூறு, மூணு தபா முழுசா கட்டிகீறேன்."

"ஒவ்வொரு தபாவும் ரெண்டாயிரத்து நூத்தி எழுபத்தெட்டுதான் வந்துகீதாம். இருபத்திரண்டு கொறயுது. வர வெள்ளிக்கெழமைக்குள்ள பழைய பாக்கியும் புது பீசும் சேர்ந்து வரணுமாம். ஒரு யூரோ கொறஞ்சாலும் பரீட்சை லிஸ்ட்ல பேர் இருக்காதுன்னு சொல்லிட்டாங்க நைனா."

பிரகாசம் அலைபேசியை வைத்தார். பெட்டியைத் திறந்து ரசீதுகளைத் தரையில் பரப்பினார். கடைசி ரசீதில் யூரோவுக்கு நூற்றைந்து ரூபாய் நாற்பது காசு போட்டிருந்தது. அந்தத் தேதிக்கு உலகச் சந்தை விலையை அலைபேசியில் தேடினார். நூற்றொன்று இருபது. யூரோவுக்கு நாலு ரூபாய் இருபது காசு. இரண்டாயிரத்து இருநூறால் பெருக்கினார். ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது. மற்ற இரண்டையும் அப்படியே போட்டுப் பார்த்தார். மொத்தம் இருபத்தாறாயிரத்துச் சொச்சம்.

மனைவி எலிசபெத் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாங்க, மொகம் ஏன் இப்டி ஆயிட்ச்சி?"

"உங்க செயலாளர் புள்ள ஜீரோவ காட்டிட்டு தட்டுக்கு அடியில மெழுகு ஒட்டிகீறான்."

"நம்ம அனிலா? சேச்சே. பேங்க்காரன் புடிச்சிருப்பான்."

"பேங்க்காரன் புடிச்சது இருபத்திரண்டு யூரோ. அத்தயும் இவன் சொல்லலியே! மீதிய யார் புடிச்சது? நாலு கிராம் கொறச்சா கடையில போய் கத்தறேன். எனக்கே மூணு தபா கொறச்சி நிறுத்துகீறான், பல்ல காட்டிக்கினு கையெழுத்து போட்டுகீறேன்!"

அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவருக்கு அனில் மீது இருந்ததைவிட அதிகக் கோபம் தன் மீதுதான். ஹரிபாபு வழக்கத்தில் பாதியை மட்டும் அவர் இங்கே பிடித்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரன் தராசில் கல் வைக்காதே என்பது ஒரு பாதி. வேறு ஆளை அனுப்பிச் சோதி என்பது மறுபாதி. அதை விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை முதல் பேருந்தில் திருப்பதிக்குப் போனார். அனில் எழுந்து நின்று நாற்காலி போட்டான். காபி சொன்னான்.

"காபி வேணாம். ஒரே கேள்வி. இன்னிக்கு நான் ரெண்டு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம் குடுத்தா, அந்த காலேஜ் கணக்குல எத்தினி யூரோ போய் வுழும்?"

"ரேட்டு மாறிக்கினே இருக்கும் அங்கிள். சார்ஜ் மட்டும் நம்மளுது ஜீரோ."

"சார்ஜ கேக்கல. எத்தினி வுழும்?"

"அது... நடுவுல ரெண்டு பேங்க் இருக்குதுல்ல அங்கிள். அவங்க புடிப்பாங்க. நம்ம கையில இல்ல."

"அவன் புடிக்காம அனுப்ப வழி கீதா, இல்லியா?"

அனில் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "கீது. அதுக்கு கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆவும். உங்களுக்கு செலவு வேணாம்னுதான் நான் சொல்லல."

"நூத்தியொண்ணு இருபதுக்கு விக்கிற யூரோவ நூத்தியஞ்சு நாப்பதுக்கு குடுத்தியே, அப்ப எஞ்செலவு உங்கண்ணுக்கு தெரியலியா?"

"அங்கிள், எனக்கும் கடை வாடகை இருக்குது. பாரத்துல எல்லாமே போட்டுகீது. நீங்க படிச்சுத்தான் கையெழுத்து போட்டீங்க."

அது உண்மை. பாரத்தின் பின்பக்கம், எறும்பு வரிசை போன்ற எழுத்தில், 'விலை நிறுவனம் நிர்ணயிக்கும், இடைப்பட்ட வங்கிகளின் பிடித்தம் வாடிக்கையாளர் பொறுப்பு' என்று இருந்தது. கீழே பிரகாசத்தின் கையெழுத்து. வெல்லத்தில் பத்துக் கிராம் குறைத்தால் தராசைப் பறிமுதல் செய்ய ஒரு அதிகாரி உண்டு, அபராதம் உண்டு. இதற்கு எந்த அலுவலகத்துக்குப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. பிரகாசம் எழுந்து வந்துவிட்டார்.

அன்று மாலைக்குள் அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு மூன்று இடத்தில் கேட்டார். திருப்பதியில் இன்னொரு பண மாற்றுக் கடை, அலைபேசியில் ஒரு செயலி, சித்தூரில் அவர் கணக்கு வைத்திருந்த வங்கி. கட்டணம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று தனித்தனியாக யாரிடமும் கேட்கவில்லை. இரண்டாயிரத்து இருநூற்று அறுபத்தாறு யூரோ அங்கே முழுதாக விழ, என் கையிலிருந்து வரி உட்பட மொத்தம் எத்தனை ரூபாய் போகும்? இந்த ஒன்றைத்தான் கேட்டார். அதற்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தை அங்கேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். பண மாற்றுக் கடை அப்படிப் போனது.

செயலிதான் எல்லாவற்றிலும் மலிவு. வங்கியைவிட இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைவு. ஆனால் புதுக் கணக்கைச் சரிபார்க்க ஐந்து வேலைநாள் ஆகலாம் என்று போட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான். அடுத்த செமஸ்டருக்கு இருக்கட்டும் என்று அன்றைக்கே விண்ணப்பித்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை வங்கியில் யாமினி என்ற பெண் அதிகாரி தெலுங்கில் கேட்டாள். "சார், வெளிநாட்டு பேங்க் சார்ஜ் யார் கட்றாங்க, நீங்களா அவங்களா?" மூன்று செமஸ்டரில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"நானே கட்றேன்மா. அங்க ஒரு காசு கொறயக் கூடாது."

"அப்ப இந்தக் கட்டத்துல டிக் பண்ணுங்க. ஆயிரத்து நானூறு கூட ஆகும்."

"ஆவட்டும். முழுத் தொகையையும் ஸ்கிரீன்ல காட்டு. அப்புறம் கையெழுத்து."

அவள் திரையைத் திருப்பினாள். யூரோ நூற்றிரண்டு பத்து. கட்டணம், முழுதாகச் சேர்க்கும் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து முப்பத்து மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது. அனிலின் பழைய விலையில் இதுவே இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டும். அதற்குப் பிறகும் இருபத்திரண்டு யூரோ குறையும். பிரகாசம் பாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார். படித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "இன்னா அவசரம்? நானும் இப்டித்தான் அவசரப்பட்டேன்" என்று அவர்களையும் ஒரு அதட்டுப் போட்டார். கேசியாவின் கல்லூரி ரசீது, பான் அட்டை எல்லாவற்றையும் கொடுத்து, அனுப்பியதற்கான வங்கித் தாளைக் கையில் வாங்கிய பிறகே வெளியே வந்தார்.

வியாழக்கிழமை மதியம் கேசியா பேசினாள். "வந்துட்ச்சி நைனா. ரெண்டாயிரத்து எறநூத்தி அறுவத்தாறு. லிஸ்ட்ல பேர் போட்டுட்டாங்க."

எலிசபெத் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். "இனிமே அத்தோட வுடுங்க. நாளைக்கு அவங்க மொகத்துல முழிக்கணும்."

"எம்பொண்ணு பேரு லிஸ்ட்ல இல்லாம போவ இருந்துச்சி, எலிசபெத். வுடணும்னா அவன்தான் புடிச்ச காச வுடணும், நான் இல்ல."

அந்த ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை. திருவிருந்துக்கு முன் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சமாதானம் சொல்லிக்கொள்வது அந்தச் சபையின் வழக்கம். அனில் வரிசை தாண்டி வந்து இரண்டு கைகளையும் நீட்டினான். "சமாதானம் அங்கிள்."

பிரகாசத்தின் கை பாட்டுப் புத்தகத்தை விட்டு வரவில்லை.

"இருபத்தாறாயிரத்த கொண்டா. அப்ப கை குடுக்கறேன்."

அவர் மெதுவாகப் பேசக் கற்றவர் அல்ல. முன்னால் நான்கு வரிசைக்குக் கேட்டது. அனிலின் காது சிவந்தது. "குடுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று எலிசபெத் முழங்கையால் இடித்தார். வரிசை எழுந்து பீடத்துக்குப் போனது. எலிசபெத்தும் போனார். முப்பது வருடத்தில் முதல் முறையாகப் பிரகாசம் உட்கார்ந்தே இருந்தார். அப்பம் வாங்கப் போகிறவர்கள் அவர் முழங்கால்களைத் தாண்டிக்கொண்டு போனார்கள். சகோதரன் மேல் கோபத்தோடு அந்தப் பந்திக்குப் போகக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கோபம் போகவில்லை. அதனால் போகவில்லை.

ஆராதனை முடிந்ததும் அனிலின் தகப்பனார் வாசலில் மறித்தார். "பிரகாசம், பெரியவன் நீ. கோயில்ல வெச்சி காசு பேச்சு பேசலாமா?"

"முதல் ரெண்டு லட்சத்த எங்க வெச்சி வாங்கினான் தெரியுமா? இதே வாசல்ல. ஜெபம் பண்ணிட்டு வாங்கினான்."

பேரனை அயர்லாந்துக்கு அனுப்ப அனிலிடம் பணம் கட்டியிருந்த ரத்னம்மா படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரகாசம் சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்தார். மூன்று ரசீதுகளும், அந்தந்தத் தேதியின் சந்தை விலையும், பக்கத்தில் அவர் கையால் போட்ட கழித்தலும். பத்துப் பிரதி எடுத்து வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணு குடு" என்றார் ரத்னம்மா.