மேலோடையின் முடிச்சுக் கயிறும் நான் போட்ட ஒரே சண்டையும்

தை மாதம் எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மெஷின்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய நான்கு நாள் லீவு விட்டார்கள். வீட்டில் இருந்தால் பரணைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள் என்று பயந்து மேலோடைக்குக் கிளம்பினேன். பேக்கிங்கில் என்னோடு வேலை பார்க்கும் ராசாத்தி போன வருடம் அங்கே போய், செத்துப்போன யாரோ ஒருவர் பாதியில் விட்ட கூடையைப் பின்னி முடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கும் அப்படி ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது ஒரு சண்டை. நான் சூப்பர்வைசர்தான், ஆனால் பதினொரு வருடத்தில் ஒருத்தரையும் சத்தம் போட்டது கிடையாது.

போகிறவர்களுக்காக வழியை எழுதிவிடுகிறேன். ராஜபாளையத்தில் காலை 5.10க்கு பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். ஒரு டீ குடித்துவிட்டு, கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடித்தேன். அங்கிருந்து பிளவக்கல் அணை பத்து கிலோமீட்டர் போல இருக்கும். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய்.

ஆட்டோ ஓட்டியவர் கான்சாபுரத்துக்காரர், காதர் பாய். அவரும் ஒருமுறை மேலோடைக்குப் போனவர். அவருக்குப் பாதி தோண்டிய குழி ஒன்று கிடைத்ததாம். அரை நாள் தோண்டி முடித்தாராம். எதற்குக் குழி என்று கேட்டேன். “இன்னைக்கு வரைக்கும் தெரியாதும்மா. முடிச்சதும் அம்புட்டுப் பேரும் வந்து குழிக்குள்ள எட்டிப் பாத்துட்டு அழுதாக. நானும் செத்த நேரம் அழுதுட்டு வந்தேன்” என்றார்.

அணையின் வலப்பக்கம் நான்கு கிலோமீட்டர் நடந்தால் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு ஓடை வரும். அந்த ஓடை மலைமேல் ஏறுகிறது. படித்தது சரிதான், தண்ணீர் கீழிருந்து மேலே போகிறது. காய்ந்த இலையும் நுரையும் பாறைப் படிகளில் தத்தித் தத்தி ஏறிப் போவதை நான் கால் மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தினமும் விடிந்ததிலிருந்து சாயங்காலம் நாலரை வரைக்கும் இப்படி ஏறும். நாலரைக்குத் திரும்பிக் கீழே இறங்கும். நம்ப முடியாமல் என் வலது கால் செருப்பைக் கழற்றித் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். அது என்னைக் கேட்காமலே மேலே போய்விட்டது.

ஓடையை ஒட்டியே ஏறிப் பத்தேகாலுக்கு ஊருக்குள் நுழைந்தபோது ஊர் எல்லையில் ஒருவர் அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காக நின்றிருந்தார். செருப்பைப் பார்த்தே ஆள் வருவது தெரியுமாம்.

மேலோடையில் நாற்பது வீடுகள் இருக்கும், ஒன்றுக்கும் கதவு கிடையாது. ஊர் வாசலில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு தொங்குகிறது. அதில் ஒவ்வொரு முடிச்சும் இறந்துபோன ஒருவர் முடிக்காமல் விட்ட ஒரு காரியம். சொந்த ஊர்க்காரர்கள் அதைத் தொடக்கூடாது. வெளியூர்க்காரர் வந்து, கண்ணை மூடி ஒரு முடிச்சைத் தொட்டு, அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். முடிக்காத காரியம் இருக்கும் வரை, இறந்தவரின் வீட்டு மாடத்தில் ஒரு விளக்கு எரியும். எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. வெறும் மண் அகல், அதில் ஒரு விரல் உயரச் சுடர். பட்டப்பகலில் ஏழெட்டு வீடுகளில் அப்படி எரிவதைப் பார்த்தேன். கையைக் குவித்துக் கும்பிடத்தான் தோன்றியது.

நான் தொட்ட முடிச்சைப் பார்த்ததும் செருப்பைக் கொடுத்தவரின் முகம் வாடிவிட்டது. காத்தாயி என்ற பெண்ணோடு அவள் தங்கை போட்ட சண்டை அது. தங்கை இறந்து அன்றோடு மூன்று வருடம். மூன்று வருடத்துக்குள் விளக்கு அணையாவிட்டால், கடைசி நாளில் விடிந்ததிலிருந்து இறந்தவரின் பெயர் ஒவ்வொருவருக்காக மறக்கத் தொடங்கி, ஓடை திரும்பும்போது எல்லார் நினைவிலிருந்தும் போய்விடும். நான் தங்கையின் பெயரைக் கேட்டேன். அவர் வாயைத் திறந்தார், வரவில்லை. பக்கத்தில் நின்ற மூன்று பேரும் யோசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சண்டை எதைப் பற்றி என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது. மேலோடையில் இருவர் சண்டை போட்டால் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்பது மரியாதை. சண்டை முடியும் முன் அதில் பேசியதை வெளியே சொல்வதும் தப்பு. (எங்கள் தெருவில் ஒரு சண்டை நடந்தால் டிவியை அணைத்துவிட்டு வந்து கேட்பார்கள்.) எனக்கு முன்னால் நான்கு பேர் இதே முடிச்சை எடுத்திருக்கிறார்கள். நான்கு பேரும் போனவுடனே காத்தாயிமேல்தான் தப்பு என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். காத்தாயியும் ஆமாம் என்றிருக்கிறாள். முடிந்தது என்று ஊரில் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்ப, விளக்கு அணைவதற்குப் பதில் இன்னும் உயரமாக எரிந்திருக்கிறது.

காத்தாயிக்கு ஐம்பது வயது இருக்கும். தங்கையின் வீட்டு மாடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சுடர் ஒரு முழ உயரம் நின்றது. அவள் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. தங்கையின் பெயர் ஊரிலேயே அவளிடம் மட்டும்தான் மீதி இருந்தது. சத்தமாகச் சொன்னால் தீர்ந்துவிடுமோ என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சத்தம் போடத் தெரியவில்லை. பால்கோவாவை நடுவில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. கடைசியில் அவளே பொறுக்கமாட்டாமல் தொடங்கினாள். அக்கம்பக்கத்தார் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

சகோதரிகள் இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்து ஓடையில் தண்ணீர் எடுப்பார்கள். ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் யார் முறை என்று குழப்பமாகிவிட்டது. இருவரும் போகவில்லை. அவர்கள் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். போன நேரம் ஓடை திரும்பிவிட்டது, தண்ணீர் அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது. “அன்னைக்கு என் மொற. நாந்தான் போகல. அவ கேக்கவே மாட்டேன்னா. தன் மொறதான்னு செத்துப்போற வரைக்கும் சொன்னா” என்றாள் காத்தாயி.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இருவரும் பழியைத் தள்ளிவிடச் சண்டை போடவில்லை. ஆளுக்கு ஆள் தனக்கே வேண்டும் என்று பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

நான் விட்டுக்கொடுக்கும் பழக்கதோஷத்தில், சரிக்கா, உன் மொறையாவே இருக்கட்டும் என்றேன். சுடர் சடாரென்று கூரையைத் தொட்டது. தங்கை அப்படி விட்டுக்கொடுக்கிறவள் இல்லை என்று காத்தாயி அழுதாள். மணி நாலு தாண்டிவிட்டது. அவள் உதடுகளைப் பார்த்தேன். அசைவு நின்றிருந்தது. திறந்து திறந்து மூடினாள், உள்ளே பெயர் இல்லை.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாது, வாழ்க்கையில் விட்டுக்கொடுத்த எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்தது. எழுந்து நின்று கத்தினேன்.

“எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா நான் யாருக்கா? எனக்கும் அவ அம்மாதானே? என் பங்கை எனக்குக் குடு.”

காத்தாயி என்னைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள். “பாதி எடுத்துக்கோட்டி.”

சுடர் கூரையிலிருந்து ஒரு முழத்துக்கும், அங்கிருந்து ஒரு விரலுக்கும் இறங்கியது. பிறகு இல்லை. புகைகூட வரவில்லை. வெளியே ஓடையின் சத்தம் ஒரு நொடி நின்று, தண்ணீர் திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கியது.

காத்தாயி தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், தொண்டை கிழியும் அளவுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு அதே பெயரைச் சொன்னார். அடுத்த வீட்டில் சொன்னார்கள். எதிர் வரிசையில் சொன்னார்கள். நாற்பது வீட்டிலும் ஒரு பெயர் ஏறிப் போவதைக் கேட்டுக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதைப்போல ஒன்றை இனி என் ஆயுளில் கேட்கமாட்டேன்.

அன்று காத்தாயி வீட்டில் தங்கினேன். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எதுவும் வாங்கமாட்டார்கள். பால்கோவாவை ஊரே பகிர்ந்து தின்றது, அதனால் கால் கிலோ போதாது, நீங்கள் ஒரு கிலோவாக வாங்கிப்போங்கள். நல்ல பிடிமானமுள்ள செருப்பு வேண்டும், அதை ஓடையில் விடாதீர்கள். ஓடை திரும்புவதற்குள் காரியத்தை முடிக்க நேரம் வேண்டும், காலை பத்தரைக்குள் அந்த இரண்டு பாறைகளைத் தாண்டிவிடுங்கள். கயிற்றில் சண்டை கிடைத்தால் பயப்பட வேண்டாம், முதலில் உட்கார்ந்து கேளுங்கள். பொய்யாக விட்டுக்கொடுக்க மட்டும் செய்யாதீர்கள், விளக்குக்குத் தெரிந்துவிடும்.

கிளம்பும்போது காத்தாயி ஊர் வாசல் வரைக்கும் வந்தாள். கீழே போய் நாலு பேரிடம் தங்கச்சி பெயரைச் சொல்லு, அவள் கீழே ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோது யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இதை எழுதத் தொடங்கினேன்.

அவள் பெயர் செவந்தி. ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.